பீட் லாக் சக்கரமும் பக்கத்துச் சீட்டும்

ஜூன் 4, வியாழன்

காலையில் இரண்டு கார் சீட் உறை தைத்து முடித்தேன். மூன்றாவதைத் தொடும்போது லாரிக்காரர் வந்து நாலு பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். பின்னால் ஷெட்டில் வண்டி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த இவர் ஓடி வந்த வேகம் இருக்கிறதே, நான் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அப்படி ஓடி வந்ததில்லை.

பெட்டிக்குள் பீட் லாக் சக்கரங்கள். எங்கள் பழைய ஜீப்புக்கு. போன தடவை மணல் மேடு ஏறும் போட்டியில், சக்கரம் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஏறினோம். பாதி மேட்டில் ஒரு டயர் ரிம்மை விட்டு நழுவி, அவிழ்ந்த பாவாடை மாதிரி காலடியில் தொங்கிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். இவருக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்தச் சக்கரத்தில் அந்த வம்பு இல்லையாம். வெளிப்பக்கம் ஒரு வளையம் இருக்கிறது. டயரின் விளிம்பை ரிம்முக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். அப்புறம் காற்று எவ்வளவு குறைந்தாலும் டயர் கழலாது.

“கடிச்ச வாய விடாது” என்றார் இவர். என்னிடம் இல்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த தன் தங்கையிடம்.

ஜூன் 5, வெள்ளி

சின்னவளைப் பற்றி எழுதாமல் தூக்கம் வராது போல. என் நாத்தனார். பம்பு கம்பெனியில் மோட்டார் பூட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை எங்கள் மாடி அறையில் இருக்கிறாள். நல்லவள்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். நான் பத்து வார்த்தை பேசினால் அரை வார்த்தை திருப்பித் தருவாள். அண்ணனும் அதே ரகம். சின்ன வயதில் அந்த வீட்டில் வாயைத் திறந்தால் ஈ புகுந்துவிடும் என்று பயந்து வளர்த்திருப்பார்கள். ஊமைக்கோட்டான்கள்.

அதனால்தானே நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறேன்.

ஜூன் 6, சனி

இன்று சக்கரம் பூட்டினார்கள். நான் முன்னால் தையல் மிஷினில். அவர்கள் பின்னால்.

அவளிடம் ஒரு ஸ்பானர் இருக்கிறது. டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லி நின்றுகொள்ளும். ஒரு போல்ட்டை முடுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே இருப்பதை முடுக்குகிறாள். பிறகு இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். ஒரேயடியாக இறுக்காமல் சுற்றுச் சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக. அப்போதுதான் வளையம் கோணாமல் உட்காருமாம்.

டக். டக். டக்.

நடுநடுவே இவர் சிரிக்கிற சத்தம். இவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதையே நான் மறந்திருந்தேன். என்ன ஜோக் என்று எட்டிப் பார்த்தேன். ஜோக் எல்லாம் ஒன்றும் இல்லை. ரிம் நிறுத்தத் தோதாக ஒரு பழைய டிரம்மை அவள் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அதற்குச் சிரிப்பு.

“என்ன, அண்ணனும் தங்கச்சியும் கல்யாண வீட்டு மேளக்காரங்க மாதிரி குஷியா இருக்கீங்க” என்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மறுபடி குனிந்துகொண்டார்கள். டக்.

அப்போது தைத்துக்கொண்டிருந்த உறையில் ஒரு பக்கத் தையல் பாம்பு போன மாதிரி போயிருந்தது.

ஜூன் 7, ஞாயிறு

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இருவத்தொண்ணாந் தேதி போட்டிக்கு தங்கச்சி பக்கத்துல உக்காரட்டும். போல்ட்ட அப்பப்ப பாக்கணும்.”

பக்கத்துச் சீட் என்றால் சும்மா உட்கார்ந்து வருவது இல்லை. மேட்டுக்கு முன்னால் இறங்கி, மணலை மிதித்துப் பார்த்து, எங்கே கெட்டி எங்கே பொதபொதப்பு என்று பார்த்து வர வேண்டும். ஏறும்போது வழி சொல்ல வேண்டும். இந்த ஜீப் வந்த நாளிலிருந்து அது நான் பார்க்கிற வேலை.

“சரி, உக்காரட்டும். எனக்கும் இடுப்பு வலி” என்று சிரித்தேன். எனக்கு எந்த இடுப்பிலும் வலி இல்லை. வலி வேறு இடத்தில்.

ஜூன் 8, திங்கள்

தைத்தேன். பிரித்தேன். தைத்தேன்.

ஜூன் 10, புதன்

இரண்டு பேரும் புதுச் சக்கரத்தோடு ஆற்று மணலில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். “நீயும் வா” என்று ஒரு பேச்சுக்குக்கூட யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். அது வேறு விஷயம். சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டயர் சப்பையாக மணலில் பரந்து நின்றதாம், ஆனாலும் அசையவில்லையாம். சின்னவள் எனக்கும் ஒரு முழு வாக்கியம் தந்தாள்: “மொத ஓட்டத்துக்கு அப்புறம் எல்லா போல்ட்டையும் திரும்ப ஒரு தடவ இறுக்கணும் அண்ணி. நாளைக்கு பாக்கணும்.”

நாளைக்கு. சரி.

ஜூன் 11, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதினால்தான் ஆறும்.

மதியம் இரண்டு பேரும் டீசல் வாங்கப் போயிருந்தார்கள். போல்ட்டை இறுக்குவதுதானே, அதற்கு ஒரு நாத்தனார் எதற்கு? அவர்கள் வருவதற்குள் நானே முடித்து வைத்தால் என்ன சொல்வார்? அட, உனக்கும் தெரியுமா என்பார். சின்னவள் மாடிக்குப் போவாள். சீட் எனக்கு. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

டக் சொல்கிற ஸ்பானரை அவள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். நான் சக்கரம் கழற்றுகிற நீளமான ஸ்பானரை எடுத்தேன். முன் சக்கரத்தில் ஆரம்பித்தேன். ஒன்றுக்கு அடுத்தது ஒன்று என்று வட்டமாக, மொத்த ஆத்திரத்தையும் போட்டு. ஒவ்வொரு போல்ட்டிலும் அவள் மூஞ்சி. பாதி வட்டம் போவதற்குள் ஒரு போல்ட்டின் தலை முறிந்து என் கையோடு வந்துவிட்டது. வளையம் ஒரு பக்கம் அமுங்கி, மறுபக்கம் விரலில் பாதி நுழைகிற இடைவெளி.

அதே நேரம் வாசலில் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள்.

அவள் சக்கரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அண்ணி, ஏன் இத தொட்டீங்க?”

“என் புருஷன் வண்டி. தொடுவேன். நக்குவேன். உனக்கென்ன?”

இவர் என்னைத் திட்டியிருக்கலாம். அடித் தொண்டையில் கத்தியிருக்கலாம். அப்படியெல்லாம் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“போல்ட்டுக்காக மட்டும் அவள உக்கார சொல்லல. நீ பக்கத்துல இருந்தா பேசிக்கிட்டே இருக்க. எனக்கு மணல் சத்தம் கேக்க மாட்டேங்குது.”

ஜூன் 12, வெள்ளி

அப்போ இத்தனை வருஷமா என் பேச்சைக் கேட்டுச் சிரிச்சது யாரு? நானே தானா?

ஜூன் 15, திங்கள்

மூன்று நாளாக நான் பேசவில்லை. தேவைக்கு மட்டும். சோறு. சாவி. கதவு. இவ்வளவுதான். சோபா கடைக்காரர் உறை வாங்க வந்தவர், “என்னக்கா, தொண்ட கட்டிக்கிச்சா?” என்று கேட்டார். தலையாட்டி வைத்தேன்.

சின்னவள் முறிந்த துண்டை நெம்பி எடுத்து, வளையத்தைக் கழற்றி, டயரை நேராக வைத்து, முதலிலிருந்து பூட்டிவிட்டாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாள் பாவி.

வீடு பூட்டிப் போட்ட வீடு மாதிரி இருக்கிறது. இவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். ஏதாவது சொல்ல வருகிறாரோ என்று பார்த்தேன். செருமல்தான்.

ஜூன் 21, ஞாயிறு

போட்டிக்கு நானும் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? ஒரு வண்டிக்கு இரண்டு தடவை ஏற வாய்ப்பு. நான் பக்கத்து மேட்டில் குடை பிடித்து நின்றேன்.

முதல் தடவை. காற்றை நன்றாக இறக்கிவிட்டு ஏறினார்கள். சக்கரம் சொன்னபடி கடித்த வாயை விடவில்லை. அழகாகத்தான் ஏறியது. என் வயிறு எரிந்தது. பாதிக்கு மேல் இடது பக்கம் மணல் நிறம் மாறியது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பொதபொதப்பு. “வலது! வலது!” என்று கத்துகிறேன், யார் காதில் விழும்? ஜீப் நேராகப் போய் அதில் இறங்கி, அடிப்பாகம் மணலில் தட்டி நின்றது.

ஐயோ என்றது மனசு. அதுக்கடியில் இன்னொன்று நன்றாக வேண்டும் என்றது. இரண்டும் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

இழுத்துக் கீழே கொண்டு வந்தார்கள். சின்னவள் என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் மணல்.

“நான் பாத்தேன் அண்ணி. அண்ணனும் பாத்திருப்பாருன்னு வாயத் தொறக்கல.”

பின்னாலேயே இவர். “நீ வரியா?” என்றார் என்னிடம்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாளும் வெந்துகொண்டிருந்தேன். வந்ததும் என் வாய் சொன்னது: “மாட்டேன். உங்களுக்கு மணல் சத்தம் கேக்காது.” ஏன் அப்படிச் சொன்னேன்? ரோஷம். வேறென்ன, தியாகமா?

அவர் முகம் சுருங்கி வண்டிப் பக்கம் போய்விட்டார். சின்னவள் அசையாமல் நின்றாள். பயந்திருந்தாள். அவளைப் பிடித்து உலுக்கினேன்.

“பாத்தத உடனே சொல்லு. பாத்திருப்பாருன்னு நெனைக்காத, அவர் பாக்க மாட்டார். மொறைப்பார். மொறைச்சா இன்னும் சத்தமா சொல்லு. வழிய மட்டும் சொல்லு. மத்த கதையெல்லாம் என்னோட போகட்டும்.”

சொல்லிவிட்டேன். கையிலிருந்த ஒரே தொழில் ரகசியத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை அவள் கத்தின கத்தல் நான் நின்ற மேடு வரை கேட்டது. உச்சியில் ஏறி நின்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். குடையைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினேன். கண்ணில் தண்ணீர் வேறு. மணல் பறக்கிறது என்று பக்கத்திலிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

ஜூன் 22, திங்கள்

ஜெயித்த கோப்பையை டீவி மேல் வைத்திருக்கிறார்கள். தூசு தட்டும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஜூலை 5, ஞாயிறு

இன்று ஒன்று தோன்றியது. பக்கத்துச் சீட்டுக்குப் போய் இவ்வளவு அடித்துக்கொண்டேனே, அதற்குப் பக்கத்திலேயே ஒரு சீட் இருக்கிறதே. ஸ்டியரிங்கோடு.

இவரிடம் சொன்னேன். பேந்தப் பேந்த விழித்தார். சின்னவள் பட்டென்று, “நான் கத்துக் குடுக்கறேன் அண்ணி” என்றாள். இப்போதெல்லாம் முந்திக்கொள்கிறாள். வாய் வந்துவிட்டது.

ஜூலை 11, சனி

ஆற்று மணலில் மூன்று தடவை புதைத்தேன். சின்னவள் சிரித்துச் சிரித்துக் கதவில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு. வரும் வழியில் பம்பு கம்பெனிக் கதையெல்லாம் சொன்னாள். ஒரு மேனேஜர் மாதிரி நடந்து காட்டினாள். இவ்வளவையும் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்?

போல்ட்டை எதிரெதிராக முடுக்கக் கற்றுக்கொண்டேன். அந்த ஸ்பானர் டக் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். விடுவதுதான் கஷ்டம்.

ஜூலை 19, ஞாயிறு

மூன்று பேருமாக ஆற்று மணலுக்குப் போனோம். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் சின்னவள் பக்கத்தில் ஏற வந்தாள். அதற்குள் இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். “இன்னிக்கு நான்” என்றார். அவள் சரியென்று கரையில் நின்றுகொண்டாள்.

வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்தார் பாருங்கள். பாத்து, மெதுவா, வலது ஒடி, அங்க பள்ளம், கியர மாத்தாத, போன வருஷம் இந்த எடத்துல ஒருத்தன் என்ன பண்ணான் தெரியுமா என்று ஒரு கதை வேறு. இத்தனை வருஷச் சேமிப்பும் ஒரே நாளில்.

நான் வாயே திறக்கவில்லை. மணல் ஓரிடத்தில் நறநறவென்றது, அப்புறம் சாம்பல் மாதிரி சத்தமே இல்லாமல் போனது. சத்தம் போன இடத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் வலது பக்கம் ஒடித்தேன். ஏறிவிட்டது. சின்ன மேடுதான். இவர் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மேலிருந்து சின்னவளுக்குக் கையாட்டினேன். அவள் பார்த்தாள். திருப்பி ஆட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, செருப்பால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எதற்கு? அந்தச் சந்தோஷத்தோடு இன்னும் ஒரு சுற்றுப் போனேன். பிறகு கரைக்குத் திருப்பினேன், அவளையும் ஏற்றிக்கொள்ள.