என் பிறந்தநாளுக்குப் பெட்டி கூப்பிட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, தொண்டையைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியம் ஆரம்பிக்கும்போதே அம்மா ஒரு நிமிஷம், அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. காகிதத்தையும் நீ பாதியில் வைத்துவிடலாம்தான், ஆனால் அது எனக்குத் தெரியாதே, நான் பாட்டுக்கு முழுக்கச் சொல்லி முடித்துவிடலாம்.

உன் அண்ணனுக்கு முதுகுவலி, அந்த நாற்காலியை மாற்றுடா என்றால் காதிலேயே வாங்குவதில்லை. அண்ணி வேறு ஆபீசுக்கு மாறிவிட்டாள், இப்போது வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் சிரிக்கிறாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இதெல்லாம் சும்மா சொல்கிறேன், நான் எழுத உட்கார்ந்தது உன் அப்பாவைப் பற்றி, உன்னைப் பற்றி, அப்பாவின் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றி.

அப்பா இசை போடுகிற அறையில் இப்போது ஒரு வாத்தியம்கூட இல்லை. சீரியல்காரர்கள் காலையில் காட்சியை அனுப்பிவிட்டு மாலையில் பின்னணி இசை எங்கே என்கிறார்கள், ஆள் வைத்து வாசிக்க எங்கே நேரம் என்று எல்லா வாத்தியத்தையும் கம்ப்யூட்டருக்குள் வாங்கிப் போட்டுவிட்டார். யாரோ எங்கேயோ உட்கார்ந்து வயலினையோ புல்லாங்குழலையோ ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிவு பண்ணிக் கொடுத்திருப்பார்கள், இவர் இங்கே கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் வரும். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, அவர் சாமர்த்தியம் அவருக்கு. பெட்டி வயலின் வாசித்தபோது நானும்தான் நன்றாக இருக்கிறதே என்று காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு பகல், அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறேன், அறைக்குள்ளிருந்து நீ பாடுகிறாய். ஆ என்று இழுத்து மேலே போய் அங்கேயே நின்றாய். நீ சொல்லாமல் வந்துவிட்டாய் என்று நான் வாசலுக்கு ஓடினேன் பாப்பா. வாசலில் உன் செருப்பு இல்லை, பை இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து ஒரே தீய்ந்த நாற்றம். அறைக்குள் போய்ப் பார்த்தால் உன் அப்பா ஒற்றை விரலால் உன்னை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ அங்கே ஏதோ கம்பெனிக்கு ஆ, ஓ, லா, மா என்று ஒவ்வொரு சுரத்திலும் மெதுவாக, உரக்க, இழுத்து, வெட்டி, எல்லா விதமாகவும் பாடிக் கொடுத்தாயாமே. அதை அவர்கள் விற்கிறார்களாம், இவர் வாங்கிவிட்டாராம். பாடியவர் பெயர் போடவில்லை, ஆனாலும் முதல் சுரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லாதவள், முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் தொண்டையைக் காய்கறி மாதிரி நறுக்கிக் கொடுத்திருக்கிறாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை.

நீ இந்த வீட்டைவிட்டுப் போனது எதனால் என்று நான் மறக்கவில்லை. சீரியலில் மாமியார் செத்த காட்சிக்குக் குரலை நடுங்கவிட்டு அழு என்று அவர் சொன்னார், பொய்யாக எல்லாம் என்னால் நடுங்க முடியாது என்று நீ சொன்னாய், அதிலிருந்து வளர்ந்த சண்டைதான், இன்றுவரை அப்பாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சில்லை. இப்போது அந்தக் கீபோர்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் உருட்டினால் நீ நடுங்குகிறாய். கொஞ்சம் உருட்டினால் கொஞ்சம், நிறைய உருட்டினால் நிறைய. முகத்தைச் சுளிக்காமல், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நடுங்குகிறாய். அவர் ரசித்து ரசித்து உருட்டுவதைக் கதவோரம் நின்று பார்த்தேன், சீ என்று ஆகிவிட்டது. சீரியல் டைரக்டர் வேறு போன் பண்ணி, சார், இந்தப் பொண்ணு அடுத்த வாரமும் வேணும், இன்னும் ரெண்டு சாவு பாக்கி இருக்கு என்கிறார். இப்போது எந்தச் சேனலில் எந்தக் குடும்பத்தில் யார் செத்தாலும் நீதான் அழுகிறாய். கழிவறை கழுவும் மருந்து விளம்பரத்திலும் நீதான், கறை போனதும் ஆ என்று பரவசப்படுகிறாய். எதிர்வீட்டு டீச்சர், பொண்ணு வந்திருக்காளா, காலையிலேயே பாட்டுச் சாதகம் கேட்குதே என்கிறாள். வந்திருக்கிறாள் என்பதா, இல்லை என்பதா? தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

போன வாரம் என் பிறந்தநாள். உனக்கு நினைவில்லை, போகட்டும். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன், அண்ணி அதைக் கவனித்துவிட்டு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அப்பா அறைக்குக் கூப்பிட்டார், நாற்காலியில் உட்காரவைத்தார், கண்ணை மூடிக்கொள் என்றார். இந்த வயதில் என்ன விளையாட்டு என்று மூடினேன். அம்மா என்று நீ கூப்பிட்டாய். பாட்டாக இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கூப்பிடுவாயே, அப்படி. நான் என்னடி என்றுவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்தால் எதிரே அந்தத் திரை, அதில் கோடு கோடாக ஏதோ ஓடுகிறது, பக்கத்தில் உன் அப்பா கைதட்டிச் சிரிக்கிறார், பார்த்தியா, நீயே ஏமாந்துட்டே என்று. நீ பாடிய ஆ என்பதிலிருந்து ஒரு துளி நறுக்கி, வாய்மூடிப் பாடியதிலிருந்து ஒரு ம் எடுத்து, மா என்பதைக் கொண்டுவந்து ஒட்டி, பகல் முழுக்க உட்கார்ந்து செய்தாராம். எனக்குப் பரிசாம்.

தண்ணீர் என்று நினைத்துக் குடித்தது வேறெதுவோ என்று தெரிந்தால் குமட்டுமே, அப்படி இருந்தது. போய் வாயைக் கொப்பளித்தேன். உனக்கென்று வைத்திருந்த என்னடியை ஒரு பெட்டி வாங்கிக்கொண்டுவிட்டதே என்று பற்றிக்கொண்டு வந்தது. அழியுங்கள், என் கண்முன்னால் இப்போதே அழியுங்கள் என்று கத்தினேன். அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அப்பாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. அழித்தார். அழித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு, காலையிலேர்ந்து போனும் கையுமா நின்னியே, அதான் என்றார். ஆனாலும் நான் விடவில்லை. அதற்கு அவளைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, அதுவும் விரலால் அழுத்துகிற வேலைதானே என்றேன். பெட்டிக்குள் உன்னை நடுங்கவைக்கத் தெரிகிறது, போனில் உன்னிடம் சாப்பிட்டியா என்று கேட்கப் பயம். இந்த மனுஷரோடு நான் என்ன செய்ய, சொல்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நேற்று அவர் குளிக்கப் போயிருந்தார். கீபோர்டின் இடது ஓரத்துக் கடைசிக் கட்டைகளில் உன் மூச்சு மட்டும் தனியாக இருக்கிறது, பாட்டு நிஜம் போலத் தெரிய அங்கங்கே செருகலாம் என்று முன்பு சொல்லியிருந்தார். நான் போய் அழுத்தினேன். ஆமாம், இவ்வளவு பேசிய நான்தான். நீ மூச்சை இழுத்தாய். பள்ளிக்கூட நாளிலிருந்து உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று இழுப்பாயே, நடுவில் ஒரு சின்னத் தடங்கலோடு, அதே மூச்சு. அதற்கு அடுத்து அம்மா என்பாய், அதற்கு அடுத்து சிநேகிதி வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்பாய், என் புது வளையலைப் போட்டுக்கொள்ளட்டுமா என்பாய். ஒன்றும் வேண்டாமல் நீ என்னை அம்மா என்று கூப்பிட்டதே கிடையாது. மறுபடி அழுத்தினேன். மறுபடி இழுத்தாய். எத்தனை முறை அழுத்தினாலும் மூச்சை இழுத்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் நிற்கிறாய். குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டதும் திருடி மாதிரி எழுந்து வந்துவிட்டேன். என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

இனி அந்தக் கம்பெனிக்குப் பாடாதே என்று சொல்லமாட்டேன், உன் தொண்டை, உன் பிழைப்பு. அப்பாவோடு பேசு என்று கட்டாயப்படுத்தவும் மாட்டேன், அதை நீங்கள் இருவரும் எப்போதாவது வெட்கப்பட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தலையோடு வெளியே போகாதே. குரல் கட்டாமல், மனசு நோகாமல், நீ நினைத்தபடி நன்றாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, எனக்குப் போன் பண்ணு. நலம் விசாரிக்க வேண்டாம், பிறந்தநாளை மறந்ததற்கு மன்னிப்பும் வேண்டாம். எதையாவது கேள். உன் பழைய ஸ்வெட்டரைத் தேடி அனுப்பு என்று கேள், வீட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டுத் தொல்லை பண்ணு. நான் முடியாது என்பேன். நீ மறுபடி கேள்.

இப்படிக்கு,
இன்னொரு என்னடி மிச்சம் வைத்திருக்கும்
அம்மா