டாப்பட் சத்தமும் பசுமலை ஏற்றமும்

உயிருக்கு உயிரான, ஆனால் ஒருநாளும் என் பேச்சைக் கேட்டிராத மாப்ளைக்கு,

இப்போது நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். அக்கினி நட்சத்திர வெயிலில் வைகை இரு கரையும் தொட்டு ஓடுகிறது என்றால் தலையாட்டுகிற கோச்சடைக்காரர்கள்கூட, இதைக் கேட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். நீ போகமாட்டாய். உன்னால் இனிமேல் என்னிடமிருந்து தப்பிக்கவே முடியாது.

உன் மகள் கயலுக்குத் தை மாதம் கல்யாணம். பையன் திருமங்கலத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பொய்யே சொல்வதில்லை, அது ஒன்றுதான் எனக்குக் கவலை. மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வாடகைக்குப் பேச நான் கிளம்பியபோது, "அப்பா கார் இருக்குல்ல மாமா" என்று கயல் சொல்லிவிட்டாள்.

கொடைக்கானல் எஸ்டேட் துரையிடம் நீ வாங்கி வந்தாயே, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அதைத்தான் சொல்கிறாள். உன் கைக்கு வரும்போதே அது நிலாவுக்குப் போய்த் திரும்பிய தூரம் ஓடியிருந்தது. மைல் காட்டும் எண்கள் சுற்றிச் சுற்றி வெறுத்துப்போய்ச் சந்நியாசம் வாங்கியிருந்தன. ஆனாலும் கிளப்பிப் பார்த்தோம். கிளம்பியது. பசுமலை ஏற்றத்தில் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஒரு நத்தை எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தது.

என் தங்கச்சி, அதாவது உன் பெண்டாட்டி, தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது மலை ஏறலைன்னா காயலான் கடைக்குப் போட்டுருவேண்ணே. அவரே இல்ல, இது மட்டும் எதுக்கு என் கண்ணு முன்னாடி நிக்கணும்?"

கயல் அன்றைக்கு சோறு சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் செல்லையா திருநகர் வீட்டுக்கு வந்தான். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் உள்ளழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை அழுத்திப் பிடித்தான். நான் செல்ஃப் அடித்தேன். முள் எந்தச் சிலிண்டரிலும் பாதிகூட ஏறவில்லை.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சுண்ணே. அம்புட்டு ஓட்டம் ஓடியிருக்கு. இஞ்சினை இறக்கணும். கல்யாணத்துக்கு ஆகாது."

"ஆகாதுன்னு சொல்றதுக்கா உன்னையக் கூப்புட்டேன்? எண்ணெய் விட்டுப் பாருடா."

ரிங் தேய்ந்திருந்தால், மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும் அது இடுக்கை அடைத்து முள்ளை ஏற்றிவிடும். ஏறாவிட்டால் குற்றம் வால்வில் என்று அர்த்தம். உள்ளே பார்த்து எண்ணெய் கேட்டேன். சனிக்கிழமை ஆயிற்றே, தங்கச்சி தலைக்குத் தேய்க்கக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். செல்லையா பேச்சு மும்முரத்தில் அதையே ஊற்றிவிட்டான். ஊற்றின பிறகுதான் சீரகம் மணந்தது.

"சீயக்காயும் எடுத்தாரவா மாமா?" என்றாள் கயல்.

முள் அசையவில்லை. நல்லெண்ணெய் சாட்சியாக ரிங்குகள் நிரபராதி. செல்லையா மேல்மூடியைக் கழற்றி, வால்வுகளைத் தட்டித் திறக்கும் டாப்பட்டுகளுக்கு நடுவே மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தான். நுழைய இடமே இல்லை.

"எவன்ணே இம்புட்டு இறுக்கி வச்சது?"

எவன் என்று எனக்குத் தெரியாதா? நீ தெருமுனை திரும்பும்போதே டக் டக்கென்று கேட்கும். தகரக் கடையே வீட்டுக்கு வருகிறது என்று என் தங்கச்சி அலுத்துக்கொள்வாள். ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுபோனது. நீ டாப்பட்டை இறுக்கியதில் வால்வுகள் சரியாக மூடமுடியாமல் இஞ்சினின் மூச்சும் நின்றிருக்கிறது. பெண்டாட்டிக்குப் பயந்து இஞ்சினின் கழுத்தை நெரித்த ஒரே வீரன் மதுரை ஜில்லாவில் நீதான். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள?

செல்லையா இடைவெளியைச் சரியாக வைத்தான். கிளப்பினோம். நல்லெண்ணெய்ப் புகை திருப்பரங்குன்றம் வரை போய், கோயில் மயில்கள் மழை என்று தோகை விரித்தன. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன, உங்க வீட்ல மட்டும் தீவாளியா?" என்றார். புகை அடங்கியதும் அந்தச் சத்தம் கேட்டது. டக் டக் டக்.

தங்கச்சி வாசலுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பசுமலை ஏற்றத்தில் கார் ஏறவில்லை மாப்ள, பறந்தது. பருந்துகள் ஒதுங்கி வழிவிட்டன. உச்சியில் நிறுத்தி, "செல்லையாட்டச் சொல்லிச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கவா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே. இதைக் கேட்டுத்தானே நான் உலை வைப்பேன்."

கயல் கல்யாணத்தில் மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வருவார். நான்தான் ஓட்டுவேன். டாப்பட்டில் ஒருவனையும் கை வைக்க விடமாட்டேன். இது வாக்கு.

இவ்வளவு எழுதியதில் ஒரு சின்ன விஷயம் மட்டும் முழுக்க முழுக்க நிஜம். உலை வைப்பதைப் பற்றி அவள் சொன்னது. அதில் நான் ஓர் எழுத்தும் சேர்க்கவில்லை.

உன் மச்சான்,
கயலுக்குத் தாய்மாமன்