பிளாப்பியில் போன பதினோரு அத்தியாயம்

மார்ச் 4

வீட்டுக்காரருக்கு,

பிரிந்து ஆறு வருஷமாகியும் இப்படித்தான் கை எழுதுகிறது, பழக்கதோஷம். முதுகுவலி எப்படி இருக்கிறது?

பரணில் கிடக்கும் நம் முதல் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் லாரியில் போட்டு அனுப்புங்கள். இப்போதைய கம்ப்யூட்டர் நாலு வரி எழுதுவதற்குள் நாற்பது கேள்வி கேட்கிறது. அதுவோ கறுப்புத் திரை, பச்சை எழுத்து, வாயே திறக்காது. பிரிண்டர்தான் கத்தும். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாரே!

என் நாவலைப் பதிந்து வைத்திருந்த பிளாப்பித் தட்டையும் வையுங்கள். அழிந்ததை மீட்டுத் தருபவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். பிளாப்பி ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டால் அதில் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது; அதை ஒட்டியிருந்தால் என் நாவல் அழிந்தே இருக்காது. மறந்தது நான், பதினோரு அத்தியாயம் போச்சு. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 15

அம்மணிக்கு,

முதுகுவலி என்னைவிட சௌக்கியம். கம்ப்யூட்டரைத் தூசி தட்டிப் போட்டேன். எழுந்துவிட்டது! பிரிண்டரும் அதே தொண்டையோடு கத்தியது. அச்சடித்த காகிதத்தின் ஓட்டை போட்ட ஓரத்தை ரெண்டு பேரும் உட்கார்ந்து கிழிப்போமே, அதை நினைத்து அழுதேவிட்டேன்.

அந்த ஆளிடம் போகாதே. நீ மறக்கவில்லை. ஒட்டித்தான் வைத்திருந்தாய். அந்த ஒட்டுத்தாளைப் பிய்த்தது நான். மறுநாள் ஆபீசில் அறிக்கை கொடுக்கணும், வேறு பிளாப்பி இல்லை, கதைதானே என்று அழித்தேன். அதன்மேல் எத்தனையோ தடவை எழுதியாயிற்று, இனி யாராலும் மீட்க முடியாது.

நீ உன்னையே திட்டிக்கொண்டாய், எழுதுவதையே விட்டாய். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது. பெட்டிகளை நானே எடுத்து வரட்டுமா?

உன்
வீட்டுக்காரன்

ஏப்ரல் 2

ஐயா,

உங்கள் கடிதம் வந்து ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. 'உனக்கெல்லாம் எழுத்து ஒரு கேடா' என்று இருபது வருஷம் என்னையே திட்டிக்கொண்டேனே, பாவி மனுஷா! அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டை போட்டிருப்பேன், மறுநாள் எழுத உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள் நோட்டை எடுத்தேன். பழையதில் ஒரு வரிகூட ஞாபகமில்லை, போகட்டும். முதல் அத்தியாயம் முடிந்தது, இரண்டாவதில் பாதி. காலையில் நாலு பக்கம் எழுதாமல் அடுப்படிப் பக்கம் போவதில்லை. பதினோரு அத்தியாயத்தோடு நிறுத்தப்போவதும் இல்லை.

கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் சொன்னபடி லாரியில் அனுப்புங்கள். அவை ஒரு பாவமும் அறியாதவை.

நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
நான்