பின்சீட்டு இல்லாத கார்

ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இன்று உங்களிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும். நம் காரின் பின்சீட்டை நீங்கள் கழற்றினீர்களா, இல்லையா?

நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து நம் ஊர் பெருமாட்டிக்கு வந்த நாளைப் பற்றி அம்மா சொல்லாத மாதம் இல்லை. அப்போதுதான் வாங்கிய பழைய அமெரிக்கக் காரில் எங்களைக் கூட்டிப்போக வந்தீர்களாம். அம்மாவின் அப்பாவும் ஏறப் போனாராம். பின்னால் வெறும் பலகை.

"தேங்கா ஏத்தறதுக்கு நாந்தானுங்க சீட்டக் கழட்டிப்போட்டேன். நீங்க பஸ்ஸுல வந்துருங்க மாமா" என்றீர்களாம். அவர் பஸ்ஸேறி நேரே தன் ஊருக்குப் போய்விட்டார். சாகும்வரை நம் வாசலை மிதிக்கவில்லை.

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். பழைய வண்டிகளைச் சரிசெய்து ஓட்டுபவர். பலகையைத் தூக்கிவிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குப் பின்சீட்டே கெடையாதுங்க அக்கா. சீட்டு மாட்டத் தகரத்துல ஓட்டையே இல்ல, பாருங்க. அம்பதுகள்ல அமெரிக்காவுல, ஊர் ஊராப் போய்ச் சரக்கு விக்கறவங்களுக்குன்னே இப்படிச் செஞ்சாங்க. அந்தக் கம்பெனியிலயே வெல கொறஞ்சது இதுதானுங்க."

அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்பறம் எதுக்குக் கழட்டுனேன்னு சொன்னாரு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கென்ன தெரியும் அப்பா? சீட்டில்லாத வண்டிதான் உங்கள் கைக்கு எட்டியது என்று மாமனாரிடம் சொல்லக் கூச்சமா? கல்நெஞ்சக்காரன் என்ற பேர், வசதியில்லாதவன் என்ற பேரைவிட லேசாக இருந்ததா? அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே. ஐம்பது வருஷம் ஒரே வீட்டில்தானே இருந்தீர்கள்?

கோபப்படுவதா, அழுவதா தெரியவில்லை. அன்று சாப்பிடும்போது அம்மா திடீரென்று சிரித்தாள். பிறகு, "பாவி மனுசன்" என்றாள். திட்டினாளா, கொஞ்சினாளா? காரைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியலயே கண்ணு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரம் தாண்டி, அம்மா பிறந்த ஊரில் இருக்கும் தாய்மாமா வீட்டுக்குப் போகிறேன். அம்மாவும் வருகிறாளாம். மாமனாரை மதிக்காத மனுஷர் என்றுதான் அங்கே இன்றும் உங்களைப் பேசுகிறார்கள். நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவர்கள் கேட்டால், எனக்கும் தெரியாது என்பேன். நானாக ஒரு காரணத்தை உண்டாக்கியும் சொல்ல மாட்டேன். எங்கப்பா சீட்டைக் கழற்றவில்லை என்பதை மட்டும், அவர்கள் நம்பும்வரை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பெருமாட்டியிலிருந்து,
உங்கள் மூத்த பொண்ணு சரசு