சுண்ணாம்புக்குள் போன தேவாங்கு

மச்சான்,

இன்று காலை மில்லின் பின்பக்கம் பீப்பாவில் சுண்ணாம்பு நீற்றினேன். கல் வெடித்துக் கொதித்து ஆவி எழும்பியபோது அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறியது. பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள். ஒவ்வொரு வருடமும் இதே மணம், இதே தும்மல். தும்மி முடிந்தபிறகு கண்ணில் வருகிற தண்ணீருக்கும் சுண்ணாம்புதான் காரணம் என்று எல்லோரையும் நம்பவைத்திருக்கிறேன். உன்னை ஏமாற்ற முடியாது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னிடமிருந்து விடுதலை கொடுத்தவன் நான். பிறகு கூட்டிக்கூட்டிப் பழகின எழுத்து, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறியிருந்த நீ, கண்டாவளைக்கு வந்து எங்கள் மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்த காலம் நினைவிருக்கிறதா? மண்ணெண்ணெய் வந்தால்தான் இயந்திரம் ஓடும். காலையில் நெல் மூட்டையோடு வந்த சனம் பின்னேரம் வரைக்கும் சுவரோரம் குந்தியிருக்கும். யார் முதல், யார் பிந்தி என்று அடிபிடிதான். ஒருநாள் நீ உமிக் குவியலில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: “சும்மா குந்தியிருந்தா சண்டைதான் வரும். இவங்க கண்ணுக்கு ஒரு வேலை குடுக்கணும்டா.”

பேப்பருக்கு எங்கே போவது? பழைய மாதக் கலண்டர்களைக் கேட்டு வாங்கினோம். முன்பக்கம் லட்சுமி, பின்பக்கம் வெறும் வெள்ளை. ஒரு கலண்டருக்குப் பன்னிரண்டு தாள், அதுதான் நீ படம் கீறுகிற ஒரு கதைப் புத்தகம். கலண்டர் கொண்டுவருகிறவருக்கு வரிசையில் முதலிடம் என்று நான் ஒரு சட்டம் போட்டேன். முதலாளிக்கு அது இன்றுவரைக்கும் தெரியாது.

வவுனியாவில் யாரோ வீட்டு வீடியோ டெக்கில் நீ பார்த்த ஜப்பான் சண்டைப் படம், எங்கள் காட்டுக்குள் வந்து வேறு உருவம் எடுத்தது. உன் நிஞ்சா ஒரு தேவாங்கு. முகமூடி கட்டத் தேவையில்லை, கண்ணைச் சுற்றிக் கடவுளே கறுப்புக் கட்டி அனுப்பியிருக்கிறார் என்பாய். அவனுக்குக் கூட்டாளி எந்த மதிலிலும் ஒட்டிக்கொள்கிற உடும்பு. எதிரி, நெல் களஞ்சியத்தைப் பூட்டிவைத்துக் காவல் இருக்கிற காட்டுப்பன்றி. கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், வானத்துக்கு வேட்டிக்குப் போடுகிற நீலம். சாக்குத் தைக்கிற நூலால் கட்டி, ஒருவரும் சுருட்டுச் சுற்றக் கிழிக்காதபடி, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாய்.

வாசித்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா! ஆணிக்குக் கீழே ஒரு கரித்துண்டையும் வைத்தாய். சொல்ல இருக்கிறதைச் சுவரில் எழுதச் சொன்னாய். நீ எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ஈரச் சாக்கால் நீயே துடைப்பாய். அதன் பிறகுதான் அடுத்த புத்தகம். வேறு யாரும் துடைக்கக் கூடாது. அந்த ஒரு விசயத்தில் மட்டும் உனக்குப் பொல்லாத கோபம் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த அந்தப் பென்சன்காரக் கிளாக்கர் ஐயா, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

“தம்பி, கீறினது நல்லாத்தான் கிடக்கு. ஆனா ஜப்பான் நிஞ்சா ஏன் மலைநாட்டுத் தமிழ் கதைக்குது?”

நீ மூட்டையை இறக்காமலே சொன்னாய்: “ஜப்பான்லயும் தேயிலை வளருது ஐயா.”

மில்லே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். ஆனாலும் போகும்போது “எண்டாலும் பிழைதான்” என்று சுவரில் எழுதிவிட்டுத்தான் போனார்.

முதலாளிக்கு வேறு பிரச்சினை. படத்தில் பன்றியின் தொந்தி வண்டியைப் பார்த்தார், குனிந்து தன் வண்டியைப் பார்த்தார். “டேய், இது ஆர்ர வண்டி?” என்று என்னைப் பிடித்தார். “பன்றியின்ர முதலாளி” என்றேன். ‘முதலாளி’ என்று அவரைக் கூப்பிட்டேனா, பன்றியின் முதலாளி என்றேனா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் இயந்திரத்தைப் போட்டுவிட்டேன்.

நீ என்னிடமும் கேட்பாய். ஒவ்வொரு முறையும் கேட்பாய். “எல்லாரும் சொல்லிட்டாங்க, நீ என்னடா சொல்ற?” நான் சொன்னது ஒரே பதில்தான்: “தேவாங்குக்குக் கண் பெரிசு, மூளை சின்னன்.” மெலிந்த என்னை மில்லில் தேவாங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நீ யாரைப் பார்த்துக் கீறினாய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சொல்லவில்லை. வாய் பகிடிக்கு மட்டும் திறக்கும்படி படைக்கப்பட்டவன் நான்.

ஐந்தாவது புத்தகத்தின் கடைசித் தாளில் தேவாங்கைக் குளத்துக்குள் விழுத்திவிட்டாய். தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிகிறது. அதோடு படம் முடிந்தது. “செத்துட்டானா?” என்று கேட்டேன். “அத நான் சொல்ல மாட்டேன். சுவத்துல என்னா எழுதுறாங்கன்னு பாத்துட்டுத்தான் முடிவு” என்றாய். அடுத்த நாள் உனக்கு நடுக்கம் தொடங்கியது. மலேரியா. மூன்று சாக்குப் போர்த்தியும் நடுங்கினாய். சைக்கிள் கரியரில் இருத்தி, என் முதுகோடு உன்னை உடுக்கிற சாரத்தால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

நீ இல்லாத அந்த ஒரு கிழமைக்குள்தான் சுவர் நிறைந்தது. அவ்வளவு எழுத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கலண்டர் எழுத்தென்றால் கூட்டிக்கூட்டி வாசிப்பேன். கரிக் கிறுக்கல் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரித்தான். நீ வந்து வாசிப்பாய் என்று விட்டுவிட்டேன். பொங்கல் வந்தது. முதலாளி பீப்பாவைக் காட்டினார். நானும் பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு மூலை விடாமல், இரண்டு பூச்சு அடித்தேன். கரி வெளியே தெரியக்கூடாது என்று அந்த இடத்துக்கு மட்டும் மூன்று பூச்சு.

பொங்கல் சோற்றோடு உன் கட்டிலடிக்கு வந்தபோது நீ கேட்ட முதல் கேள்வி, “சுவத்துல என்னா எழுதியிருக்காங்க?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நகக்கண்ணில் சுண்ணாம்பு இன்னும் போயிருக்கவில்லை.

“எல்லாரும் தேவாங்கு வரவேணும் எண்டுதான் எழுதியிருக்கினம் மச்சான்” என்று தொடங்கினேன். கிளாக்கர் ஐயா இப்படி, இன்னார் அப்படி என்று அடுக்கினேன். நெல்லோடு வருகிற மணியக்காவையும் விடவில்லை. “மணியக்கா பெரிய எழுத்தில ‘சோக்கான படம்’ எண்டு எழுதியிருக்கிறா.”

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். “மணியக்கா கைநாட்டுடா. அதோட எல்லாரும் உன்ன மாதிரியே பேசுறாங்களே!”

உண்மையைச் சொன்னேன். நீ திட்டுவாய் என்று பார்த்தேன். சோற்றுக் கிண்ணத்தை ஒருபக்கம் தள்ளிவைத்தாய். பிறகு சொன்னாய்: “சரி, போய்க் கேட்டுட்டு வா. ஆள் ஆளாக் கேளு. ஒண்ணும் சேக்காத. நான் எங்க போகப் போறேன்?”

மூன்று நாள் சைக்கிள் உழக்கினேன். வயல் வரம்பிலும் கிணற்றடியிலும் மறித்துக் கேட்டேன். அப்போது எழுத வராததால் வாய்க்குள் சொல்லிச்சொல்லி மனப்பாடம் செய்தேன். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். எங்கும் போகமாட்டேன் என்று சொன்னவன், முந்தின இரவே காய்ச்சலோடு போய்விட்டாய்.

அந்தப் பதில்களை இடப்பெயர்வுகளுக்குள்ளாலும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். புத்தகங்கள் ஐந்தும் போய்விட்டன. பதில்கள் போகவில்லை. இந்தா, ஒன்றும் சேர்க்காமல் தருகிறேன்.

மணியக்கா: “அந்தச் சின்னச் சீவனைத் தண்ணியில விட்டிட்டு அவனுக்கு எப்பிடிச் சோறு இறங்குது? கேட்டுச் சொல்லு.”

கிளாக்கர் ஐயா: “தேவாங்கு நீந்துமோ எண்டு முதல் விசாரிச்சிருக்க வேணும்.” நான் சைக்கிளில் ஏறியபிறகு வாசல் படலைவரை ஓடிவந்தார். “தம்பி, எழும்பி வந்தா அதே தமிழைத்தான் கதைக்க வேணும். மாத்த வேண்டாமெண்டு சொல்லு.”

முதலாளியிடம் கடைசியாகக் கேட்டேன். தவிட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை இறுக்கி முடித்தார். பிறகு, “பன்றி நல்லா நீந்தும். பன்றியை இறக்கச் சொல்லு” என்றார். தன் வண்டியை ஒருதரம் தடவிக்கொண்டார்.

அதுதான் ஆறாவது புத்தகம், மச்சான். பன்றி குளத்துக்குள் குதிக்கிறது. நீ கேட்டிருந்தால் அன்று பின்னேரமே கீறத் தொடங்கியிருப்பாய்.

இப்போது மில் கரண்டில் ஓடுகிறது. காத்திருக்க ஒருவருக்கும் நேரமில்லை. ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது. சுவர் முழுக்க அடித்தாலும், அதற்குக் கீழே ஒரு முழம் சுண்ணாம்பு படாமல் விட்டுவிடுவேன். “பார்வை குறைஞ்சிட்டுதோ அண்ணை?” என்று மில்லில் சேர்ந்த புதுப் பெடியள் நக்கல் அடிப்பார்கள். “ஓம், கண் பெரிசு, மூளை சின்னன்” என்பேன்.

இன்று பூசி முடித்தபிறகு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்தேன். நீ அத்தனை தரம் கேட்டும் சொல்லாததை, அந்த ஒரு முழத்தில் கூட்டிக்கூட்டி எழுதினேன். “அவனைத் தூக்கு. எனக்கு அவன் வேணும்.” எழுத்து உன் பன்றியின் வால் மாதிரி வளைந்து கிடக்கிறது, சிரிக்காதே.

நான் துடைக்கமாட்டேன். துடைக்கிறது உன் வேலை.