களக்காடு என்ற குடும்பப் பெயர்

பாய்,

காலையில் மகள் செல்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். அமெரிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கோட்டு. நெஞ்சுப் பக்கம் நீல நூலில் ‘டாக்டர் சுகன்யா களக்காடு’. பெற்றவன் அந்தப் பெயரைப் பார்த்துப் பூரிக்க வேண்டும். நான் விரலால் படத்தைப் பெரிதாக்கித் தையலைப் பார்த்தேன். பை தைக்கும் உங்கள் பட்டறையில் பொழுதைப் போக்கிய பழக்கம். தையல் நெருக்கம், பிசிறில்லை. நீங்களே பாஸ் பண்ணியிருப்பீர்கள்.

அந்தப் பெயர் என் கைங்கரியம் என்பது தாராவியில் உங்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது படிவத்தின் முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். நமக்கு ஏது அது? பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மராத்திக்காரரைக் கேட்டேன். தன் ஊர்ப் பெயரோடு ஒரு ‘கர்’ சேர்த்தால் அதுதான் தன் குடும்பப் பெயர் என்றார். ஊரைத்தான் கேட்கிறார்கள் போல என்று, எட்டாம் வகுப்புப் படித்த தைரியத்தில், ‘களக்காடு’ என்று எழுதிவிட்டேன். ஏழு வயதில் விட்டு வந்த ஊர். அங்கே எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. அது அவளுடைய டாக்டர் பட்டம் வரைக்கும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாஸ்போர்ட்டில் மட்டும் ஏஜெண்ட் அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டான்.

இங்கே படித்த டாக்டர் அங்கே ரெசிடென்சி என்கிற மேற்பயிற்சிக்குப் போக வேண்டுமானால், முதலில் அவர்களுடைய பரீட்சைகளை எழுத வேண்டும். பட்டமும் பாஸ்போர்ட்டும் இரண்டு ஆளைக் காட்டுகின்றன, பரீட்சைக்கு விட முடியாது என்று மெயில் வந்தது. “விட்டுரும்மா, இங்கனயே ஒரு கிளினிக்குல உக்காந்துக்கோ” என்று சொல்லிவிட்டேன். அவள் அதை உங்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள், விஞ்ஞானிகளை ஏற்றி நான் ஓட்டும் அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு இறங்குகிறேன், வாசலில் நீங்கள்.

“வேய், தையல் கோணிப்போச்சுன்னா பிரிச்சுத் தைப்போமா, பையவே தூக்கிப் போடுவோமா?”

“பிரிச்சுத் தைப்போம் பாய்.”

“பொறவு பிள்ளையத் தூக்கிப் போடச் சொல்லுதீரு?”

பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, புது பாஸ்போர்ட். ஏற்றுமதிக் காகிதங்களில் பழகிய நீங்கள் முன்னே நடந்தீர்கள். ஜெராக்ஸ் கட்டைச் சுமந்துகொண்டு நான் பின்னே வந்தேன். பாஸ்போர்ட்டும் களக்காடு ஆனது.

பரீட்சைகளைத் தாண்டினாள். எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போட்டும் ஆறே இடங்களிலிருந்துதான் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், அதுவும் வீடியோவில். எங்கள் அறையில் குக்கரும் பக்கத்து வீட்டுச் சண்டையும் சேர்ந்தே கேட்கும். உங்கள் பட்டறை மாடி தேவலைதான், ஆனால் கீழே பதினொரு மெஷின். அனுப்ப வேண்டிய ஆர்டர் வேறு. நான் இழுத்து இழுத்துக் கேட்டேன்.

“எத்தன மணிக்கு?” அவ்வளவுதான் நீங்கள் கேட்டது.

ஆறு நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு மெஷின்கள் நின்றன. பீகார்த் தொழிலாளர்கள் வாயைப் பொத்திக்கொண்டு லூடோ ஆடினார்கள். சந்து முனையில் ஹார்ன் அடித்த டெம்போக்காரனை, “அரே சுப்! அந்தர் டாக்டர் ஹை!” என்று, உள்ளே டாக்டர் இருப்பதைச் சொல்லி நீங்கள் அதட்டிய சத்தம்தான் ஹார்னைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு ஏணியடியில் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். மேலே அவள் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

“என்ன பாய் சொல்லுதா?”

“பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டிருக்காங்க போல. எங்க அப்பா ஊரக் கேக்காங்கன்னு நெனச்சு எழுதிட்டாரு, எனக்கு அதான் புடிச்சிருக்குங்கா. வேய், ஒம்ம கோட்டித்தனமும் வேலை செய்யுது!”

முடிவு வருகிற விதத்தையும் நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். கல்யாணத் தரகு மாதிரி; இவள் தனக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசையாக எழுதுவாள், அவர்கள் தங்களுக்குப் பிடித்த டாக்டர்களை எழுதுவார்கள், கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். அவள் தன் வரிசையை எழுதிக் கொடுத்த வாரத்தில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

மார்ச்சில் மெயில் வந்தது. படித்ததும் அவள் தேம்பி அழுதாள். “அழாதம்மா, கிளினிக்…” என்று நான் ஆரம்பித்ததும், “எப்பா, கிடைச்சிட்டுப்பா!” என்று கத்தினாள். அந்த நேரத்திலும் கிளினிக்கை விடாதவன் நான்.

இப்போது பஸ்ஸில் விஞ்ஞானிகள் எல்லாம் எனக்குக் கை கொடுக்கிறார்கள். கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் டியூட்டி முடிந்து வரும்போது கால் என் வீட்டுக்குத் திரும்பாமல் உங்கள் சந்துக்குத்தான் போகிறது. வாய் நிறையச் செய்தியை வைத்துக்கொண்டு சும்மா திரும்பி வந்திருக்கிறேன். இன்றைக்கு உள்ளதை இதில் எழுதிவிடுகிறேன். ஒரு நோயாளியின் நெஞ்சில் மற்றவர்கள் யாரும் கவனிக்காத ஒரு மெல்லிய சத்தத்தை இவள் கேட்டுச் சொன்னாளாம். பெரிய டாக்டர் தானும் குழல் வைத்துப் பார்த்தாராம். பிறகு கூட நின்ற பயிற்சி டாக்டர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “இந்தப் பெண் கேட்டதை நீங்களும் கேளுங்கள்” என்றாராம்.