வார்டன் கொடுத்த தாள்

12 ஜூன் 1979, செவ்வாய்

சேர்ப்பதற்கு முன் கல்லூரியைப் பார்த்துவிடலாமென்று மகள் சாந்தியோடு பாளையங்கோட்டை போய்வந்தேன். விண்ணப்பத்தோடு வார்டன் ஒரு தாள் கொடுத்தார். விடுதியில் அவளைப் பார்க்க வருகிறவர்கள் பெயரை அதில் எழுத வேண்டும். அதில் பெயர் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்களாம்.

என் பெயர், தம்பி, மைத்துனர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

“அம்மா பேரு எங்கப்பா?” என்றாள் சாந்தி.

“அவ எங்க தனியா பஸ் ஏறி வரப்போறா?” என்றேன். எங்கள் ஊர் சங்கரன்கோவில் வரும்வரை அவள் பஸ் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு வாசலிலேயே என் மனைவி கேட்டாள்: “புள்ளையப் பாக்க எந்தக் கிழமை விடுவாகளாம்?”

“ஞாயித்துக்கிழம.”

“அப்ப வாராவாரம் நான் போயிட்டு வாரேன்.”

சாந்தி என்னைப் பார்த்தாள். அந்தத் தாளைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுக்களையில், முறுக்கு கொண்டுபோக டப்பா தேடும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.